மோவாப் ராஃப்டிங்: பாறைய அப்புறம் பாக்கலாம், மொதல்ல ஆத்துல எவ்ளோ தண்ணி ஓடுதுன்னு பாருங்க

அமெரிக்கால யூட்டா மாநிலத்துல ஆர்ச்சஸ் நேஷனல் பார்க் போறோம், அப்படியே ராஃப்டிங்கும், அதாவது காத்தடிச்ச ரப்பர் படகுல ஆத்துல போறதும், பண்ணலாமான்னு கேக்கறவங்க முக்காவாசிப் பேரு என்ன பண்றாங்கன்னா, ஃபிளைட் போடறாங்க, ஹோட்டல் போடறாங்க, எந்தெந்த ஆர்ச் (பாறைல இயற்கையா அமைஞ்ச வளைவு) பாக்கணும்னு லிஸ்ட் போடறாங்க, கடைசில மிச்சம் இருக்கற ஒரு மத்தியானத்துல ஆத்தச் சொருகிடறாங்க. என்னக் கேட்டா இத தலைகீழா பண்ணணும். பாறை எங்கயும் ஓடிப் போகாது, ஜனவரில வந்தாலும் ஜூலைல வந்தாலும் அங்கயே தான் நிக்கும். ஆறு அப்படி இல்ல. மே கடைசில நீங்க பாக்கற கொலராடோ ஆறும் செப்டம்பர்ல பாக்கறதும் பேர்ல மட்டும் தான் ஒண்ணு. அதனால ஆத்த வெச்சு மாசத்த முடிவு பண்ணுங்க, மாசத்த வெச்சு மத்தத முடிவு பண்ணுங்க. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசைல தான் போகும்.

இடத்தப் பத்தி சுருக்கமா. மோவாப் யூட்டாவோட தென்கிழக்குல இருக்கற சின்ன ஊரு, கடல் மட்டத்துல இருந்து சுமார் 4,000 அடி உயரம், பாலைவனம். ஊர்ல இருந்து வடக்க 5 மைல் போனா ஆர்ச்சஸ் வாசல். கேன்யன்லேண்ட்ஸ் நேஷனல் பார்க்கோட ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி கார்ல முக்கால் மணி நேரம். கொலராடோ ஆறு ஊர ஒட்டி ஓடுது, ஆர்ச்சஸ் பார்க்கோட தென்பக்க எல்லையே அந்த ஆறு தான். சால்ட் லேக் சிட்டில இருந்து கார்ல 4 மணி நேரம், டென்வர்ல இருந்து கிட்டத்தட்ட 6 மணி நேரம், கிராண்ட் ஜங்ஷன் ஏர்போர்ட்டுக்கு வந்தீங்கன்னா 2 மணி நேரத்துக்குள்ள வந்துடலாம். டிக்கெட் விலை பாத்துட்டு முடிவு பண்ணிக்கோங்க, அதுல பெருசா சூட்சுமம் ஒண்ணும் இல்ல.

மாசம் எப்படி முடிவு பண்றது

கொலராடோ ஆத்துக்குத் தண்ணி வர்றது மோவாப்ல பெய்யற மழைல இருந்து இல்ல, அங்க மழையே கம்மி. மேல ராக்கி மலைல குளிர்காலம் பூரா கொட்டின பனி உருகி வர்ற தண்ணி தான் அது. ஏப்ரல்ல ஏற ஆரம்பிக்கும், மே கடைசி ஜூன் ஆரம்பம் உச்சம், ஜூலைல மளமளன்னு எறங்கும், ஆகஸ்ட் செப்டம்பர்ல சாதுவாயிடும். நம்ம ஊர்ல மேட்டூர்ல வினாடிக்கு இத்தன ஆயிரம் கன அடி தண்ணி தொறந்தாங்கன்னு நியூஸ்ல சொல்லுவாங்கல்ல, அதே அளவு தான் இங்கயும், ராஃப்டிங்காரங்க பேச்சுல அது சி.எஃப்.எஸ். ஆகஸ்ட் கடைசில மோவாப் பக்கம் 3,000, 4,000 ஓடும். பனி நல்லா விழுந்த வருஷத்துல மே கடைசில 20,000 தாண்டும். பனி ஏமாத்தின வருஷத்துல உச்சத்துல கூட 10,000 தொடாம போயிடும், அதனால போன வருஷம் போன நண்பர் சொன்னத வெச்சு இந்த வருஷம் முடிவு பண்ணாதீங்க.

இத நீங்களே பாத்துக்கலாம். யு.எஸ்.ஜி.எஸ், அதாவது அமெரிக்க அரசோட நிலவியல் ஆய்வு அமைப்பு, அதோட வெப்சைட்ல கொலராடோ ஆறு, சிஸ்கோ பக்கம்னு தேடுங்க, மோவாப்புக்கு மேல இருக்கற அளவு ஸ்டேஷன் அது, இப்ப எவ்ளோ ஓடுது, இந்தத் தேதிக்கு வழக்கமா எவ்ளோ ஓடும்னு கிராஃபே இருக்கும். கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு தடவ, ஒரு வாரம் முன்னாடி ஒரு தடவ பாத்தா போதும்.

இப்ப எந்த மாசம் யாருக்கு? சின்னப் பசங்க, நீச்சல் தெரியாதவங்க, மொத தடவ வர்றவங்கன்னா ஜூலை நடுவுல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும். தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், அலை சின்னது, விழுந்தாலும் சிரிச்சுக்கிட்டே ஏறிக்கலாம். ஆனா ஜூலைல மோவாப் மத்தியான வெயில் சர்வ சாதாரணமா 100 டிகிரி ஃபாரன்ஹீட் தொடும், அத மனசுல வெச்சுக்கோங்க. எனக்குப் பிடிச்சது செப்டம்பர் தான், வெயில் தணிஞ்சிருக்கும், கூட்டம் கொஞ்சம் கொறஞ்சிருக்கும், தண்ணியும் இன்னும் சில்லுன்னு ஆகியிருக்காது. கொஞ்சம் வேகம் வேணும், பயந்தா பரவால்லன்னு சொல்றவங்களுக்கு மே கடைசி, ஜூன். ஆனா அப்ப தண்ணி நேத்து பனியா இருந்த தண்ணி, வெளிய 90 டிகிரி அடிச்சாலும் உள்ள விழுந்தா மூச்சு நின்னு போற மாதிரி இருக்கும். வெயில் அடிக்குது அதனால தண்ணியும் சூடா இருக்கும்னு நெனைக்கறது தான் புதுசா வர்றவங்க எல்லாரும் போடற தப்புக் கணக்கு.

ஏப்ரல், மே மாசத்துல இன்னொரு தொல்லை காத்து. மத்தியானத்துக்கு மேல கேன்யனுக்குள்ள, அதாவது ஆறு அறுத்து உண்டாக்கின ஆழமான பள்ளத்தாக்குக்குள்ள, கீழ இருந்து மேல, ஆறு ஓடற தெசைக்கு எதிரா அடிக்கும், ராஃப்ட்டு நகரவே நகராது, கைடு வேர்த்து ஊத்தித் துடுப்பு போட்டுக்கிட்டு இருப்பாரு. அந்த மாசங்கள்ல போனா காலைல கிளம்பற டிரிப்பத் தான் எடுக்கணும். மே கடைசி, ஜூன்ல கண்ணுக்கே தெரியாத பொடிக் கொசு ஒண்ணு வரும், முடிக்குள்ள பூந்து காதோரம் கடிக்கும், அரிப்பு வாரக்கணக்குல நிக்கும். தலைல துணி கட்டிக்கிட்டா தப்பிக்கலாம்.

எந்த எடத்துல எறங்கறது

மோவாப் ராஃப்டிங்னு போட்டுத் தேடினா ஏகப்பட்ட பேரு வரும், பயந்துடாதீங்க, புதுசா வர்றவங்களுக்கு விஷயம் மூணே மூணு தான்.

ஒண்ணு, ஃபிஷர் டவர்ஸ் பகுதி. உள்ளூர்ல இதுக்கு டெய்லின்னு பேரு, ஏன்னா தெனமும் கம்பெனிகள் ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறது இங்க தான். ஊர்ல இருந்து 128ம் நம்பர் ரோட்டுல ஆத்த ஒட்டியே மேல போவாங்க, ஹிட்டில் பாட்டம்னு ஒரு எடத்துல எறக்கி விடுவாங்க, அங்க இருந்து சுமார் 13 மைல் கீழ மிதந்து வந்து டேக்கவுட் பீச்ல கரையேறணும். முழு நாள் டிரிப்னா இது பூரா, நடுவுல கரைல சாப்பாடு. அரை நாள்னா இதுல பாதி தூரம். ரேப்பிட்ஸ், அதாவது தண்ணி அலையடிச்சு வேகமா பாயற எடங்க, எல்லாம் கிளாஸ் ஒண்ணு, ரெண்டு தான், தண்ணி அதிகமா இருக்கறப்ப சிலது மூணு மாதிரி காட்டும். கிளாஸ்னா என்னன்னா, ஒண்ணுன்னா சும்மா சலசலப்பு, அஞ்சுன்னா அனுபவசாலிக்கே வயித்தக் கலக்கும், ஆறுல யாரும் போக மாட்டாங்க. ஆனா ஃபிஷர் டவர்ஸ்ல நீங்க போறது அலைக்காக மட்டும் இல்ல. ரெண்டு பக்கமும் செவப்பு மதில், தூரத்துல 12,000 அடிக்கு மேல நிக்கற லா சால் மலை, மே மாசம்னா அது மேல இன்னும் பனி இருக்கும். செவப்பு, வெள்ளை, கீழ காப்பிக் கலர்ல ஆறு. இத ரோட்டுல இருந்தும் பாக்கலாம் தான், ஆனா ஆத்து மேல இருந்து தலைய நிமிர்த்திப் பாக்கறப்ப அந்த உயரம் வேற மாதிரி தெரியும். மொத தடவன்னா யோசிக்காம இத எடுங்க. அரை நாளா முழு நாளான்னு கேட்டா, கைக்குழந்தை மாதிரி காரணம் இருந்தா ஒழிய முழு நாள். அரை நாள்ல நீங்க செட்டில் ஆகறதுக்குள்ள கரை வந்துடும்.

ரெண்டு, வெஸ்ட்வாட்டர் கேன்யன். கொலராடோ எல்லைக்குப் பக்கத்துல, மோவாப்ல இருந்து தூரம், 17 மைல் ஆறு, கிளாஸ் மூணு, நாலு. இங்க மதில் செவப்பு மட்டும் இல்ல, அடில கருப்பா மினுமினுன்னு ஒரு பாறை எட்டிப் பாக்கும், அதோட வயசு 170 கோடி வருஷத்துக்குப் பக்கம், கிராண்ட் கேன்யனோட அடில இருக்கற பாறை வகையறா. அந்தக் கருப்புப் பாறை சுலபமா அரிக்கப்படாது, அதனால ஆறு அங்க ஒடுங்கிப் போகுது, ஒடுங்கறதால தான் ரேப்பிட்ஸே. ஸ்கல்னு ஒரு ரேப்பிட், அதாவது மண்டையோடு, பக்கத்துலயே ரூம் ஆஃப் டூம்னு ஒரு சுழல். பேரக் கேட்டாலே புரியும். ஒரு தடவ ஃபிஷர் டவர்ஸ் போயிட்டு, தண்ணிக்குள்ள விழுந்து எந்திரிச்சு, பயம் போனதுக்கு அப்புறம் வாங்க.

மூணு, கேட்டராக்ட் கேன்யன். இது கேன்யன்லேண்ட்ஸ் பார்க்குக்கு உள்ள, கிரீன் ஆறும் கொலராடோவும் சேர்ற எடத்துக்குக் கீழ. 1869ல ஜான் வெஸ்லி பவெல்னு ஒரு கை இழந்த ஆய்வுப் பயணி மரப் படகுல எறங்கி இந்த வழியா போனாரு, பேரு வெச்சதும் அவரு தான். பெரும்பாலும் ரெண்டுல இருந்து நாலஞ்சு நாள் டிரிப், ராத்திரி மணல் கரைல படுக்கை. பிக் டிராப்ஸ்னு மூணு ரேப்பிட் வரிசையா வரும், மே ஜூன்ல உச்சத் தண்ணில அது நாட்டுலயே பெரிய ரேப்பிட்ஸ்ல சேர்த்தி. கீழ கிளென் கேன்யன் அணை கட்டி 1963ல தண்ணி தேக்க ஆரம்பிச்சப்புறம் அந்த அணையோட ஏரி லேக் பவெல் ஏறி வந்து கீழ்ப்பக்க ரேப்பிட்ஸ முழுங்கிடுச்சு, இப்ப ஏரி வத்த வத்த அதுல சிலது திரும்ப தலை தூக்குது. ஆகஸ்ட், செப்டம்பர்ல தண்ணி எறங்கினப்புறம் போனா தைரியமான புது ஆளுக்கும் இது சரியா வரும், மே ஜூன்ல வேண்டாம்.

ரேப்பிட்ஸே வேண்டாம், சும்மா அமைதியா மிதக்கணும்னா கிரீன் ஆத்துல லேபிரிந்த் கேன்யன்னு இருக்கு, கேனோ எடுத்துக்கிட்டு மூணு நாலு நாள் போவாங்க. அது தனிக் கட்டுரைக்கான சமாச்சாரம்.

எந்த போட், எந்தக் கம்பெனி

ராஃப்ட்டுல ரெண்டு வகை. ஓர் போட்னா நடுவுல கைடு உக்காந்து ரெண்டு நீளத் துடுப்ப வெச்சு அவரே ஓட்டுவாரு, நீங்க பிடிச்சுக்கிட்டு உக்காந்தா போதும். பேடில் போட்னா ஆளுக்கு ஒரு துடுப்பு, கைடு பின்னாடி உக்காந்து கத்துவாரு, நீங்க தான் தள்ளணும். வயசானவங்க, தோள்பட்டை வலி உள்ளவங்க, சின்னப் பசங்களுக்கு ஓர் போட். காலேஜ் கூட்டம், ஆபீஸ் கூட்டம்னா கண்டிப்பா பேடில் போட், சும்மா உக்காந்து வந்தா பாதில போர் அடிச்சிடும். தண்ணி கம்மியா இருக்கற மாசத்துல சில கம்பெனிகள் டக்கின்னு சொல்ற காத்தடிச்ச கயாக்கும் குடுப்பாங்க, ஒருத்தர் ரெண்டு பேரு உக்காரலாம், ஆகஸ்ட்ல ஃபிஷர் டவர்ஸ்ல ராஃப்ட்ட விட அது தான் ஜாலி, ஏன்னா சின்ன அலை கூட அதுல பெருசா தெரியும்.

கம்பெனி நெறைய இருக்கு, விலை எல்லாம் ஏறக்குறைய ஒண்ணு தான். ஃபோன் பண்ணி இதக் கேளுங்க: இந்த வாரம் எவ்ளோ கன அடி ஓடுது, உங்க டிரிப் எங்க எறங்கி எங்க ஏறுது, எத்தன மைல், எந்த வகை போட், குறைஞ்ச வயசு எவ்ளோ, வெட்சூட் (குளிர் தண்ணிக்குப் போடற ரப்பர் உடுப்பு) நீங்க குடுப்பீங்களா, மதியச் சாப்பாட்டுல சைவம் உண்டா. ஆத்தப் பத்தின மொதக் கேள்விக்கே டக்குன்னு பதில் சொல்றவங்க நல்ல ஆளுங்க. மழுப்பினா அடுத்த நம்பர். குறைஞ்ச வயசு கம்பெனிக்குக் கம்பெனி மட்டும் இல்ல, தண்ணி அளவுக்கும் தகுந்த மாதிரி மாறும், ஏப்ரல்ல போட்ட புக்கிங்குக்கு ஜூன்ல சின்னவன ஏத்த மாட்டோம்னு சொல்லலாம், அது ஏமாத்து இல்ல, சரியான முடிவு.

சைவச் சாப்பாடு பத்தி ஒரு வார்த்தை. முன்னாடியே சொன்னா செய்வாங்க, ஆனா அது பெரும்பாலும் ரொட்டிக்குள்ள எல தழை தான். நம்ம ஆளுங்க ஒரு டப்பா புளியோதரை எடுத்துக்கிட்டுப் போனா கைடு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, டிரை பேக்குன்னு சொல்ற தண்ணி பூராத பைல போட்டுக் கட்டித் தருவாரு. தயிர் சாதம் வேண்டாம், அந்த வெயில்ல மத்தியானம் வரைக்கும் தாங்காது.

என்ன போட்டுக்கிட்டுப் போறது

காட்டன் வேண்டவே வேண்டாம். ஜீன்ஸ், காட்டன் சுடிதார், காட்டன் டீ ஷர்ட் எல்லாம் நனைஞ்சா கனக்கும், காயாது, காத்து பட்டா நடுக்கம் எடுக்கும். சீக்கிரம் காயற செயற்கைத் துணி, ஜிம்முக்குப் போடற டீ ஷர்ட் லெக்கிங்ஸ் போதும், புதுசா வாங்க வேண்டாம். முழுக்கை போட்டா வெயிலுக்கும் நல்லது. கால்ல பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு இல்லன்னா பழைய ஷூ. ஹவாய் செருப்பு மொத அலைலயே ஆத்தோட போயிடும், அப்புறம் சூடு மணல்ல வெறுங்காலோட குதிச்சுக்கிட்டு நிக்கணும். கண்ணாடி போடறவங்க பின்னாடி கயிறு கட்டியே ஆகணும். தொப்பிக்கும் கயிறு. சன்ஸ்கிரீன் மறக்காதீங்க, நம்ம தோலு கருக்காதுன்னு சொல்றவங்க சாயங்காலம் தொடை மேல கை வைக்க முடியாம உக்காந்திருப்பாங்க, ஏன்னா தண்ணில இருந்து எதிரொளிக்கற வெயில் கீழ இருந்தும் அடிக்கும். மே, ஜூன்ல வெட்சூட் கேட்டு வாங்கிக்கோங்க, கூச்சப்படாதீங்க.

தாலிச் செயின், மோதிரம் ரூம்லயே இருக்கட்டும். ஃபோன் வேணும்னா தண்ணி பூராத உறைல போட்டு லைஃப் ஜாக்கெட்டோட கட்டணும், கைல பிடிச்சு வீடியோ எடுக்கறேன்னு சொன்னா அந்த ஃபோனுக்கு நீங்க டாட்டா சொல்லியாச்சு, அது காப்பிக் கலர் தண்ணி, அரை அடிக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. கார் சாவிய கம்பெனி ஆபீஸ்லயே குடுத்துட்டு வரலாம்.

ஆத்துல எறங்குற அன்னைக்கு

லைஃப் ஜாக்கெட் டைட்டா இருக்கணும். கைடு தோள்பட்டைல ரெண்டு பக்கமும் பிடிச்சு மேல தூக்கிப் பாப்பாரு, காது வரைக்கும் ஏறினா லூசு. மூச்சு முட்டுதுன்னு லூஸ் பண்ணிக்கறவங்க உண்டு, பண்ணாதீங்க. தொப்பை உள்ளவங்களுக்கு பெரிய சைஸ் இருக்கும், கேட்டு வாங்கலாம். ஆத்துல இருக்கற வரைக்கும் கழட்டக் கூடாது.

நீச்சல் தெரியாதவங்க போலாமா? ஃபிஷர் டவர்ஸ்ல, கைடோட, சாதாரணத் தண்ணில, தாராளமா போலாம். நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, அத மறைக்க வேண்டிய அவசியமே இல்ல, ஏறறதுக்கு முன்னாடியே கைடு கிட்ட சொல்லிடுங்க, உங்கள நடுவுலயோ தன் கை எட்டற தூரத்துலயோ உக்கார வெப்பாரு. சொல்லாம முன் சீட்ல உக்காந்தா தான் பிரச்சினை, மொத அலை அடிக்கறது முன் சீட்ட.

கைடு கரைல ஒரு பத்து நிமிஷம் பேசுவாரு, அந்த நேரம் பாத்து எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க. அந்தப் பத்து நிமிஷம் தான் முக்கியம். அவரு சொல்றதோட சாரம் இது தான்.

விழுந்தா மல்லாக்க மிதங்க. முகம் வானத்தப் பாத்து, கால் ரெண்டும் ஆறு போற தெசைல முன்னாடி நீட்டி, கால் விரல் தண்ணிக்கு மேல தெரியணும். அப்ப பாறை வந்தா கால் தாங்கும், தலை தப்பிக்கும். எழுந்து நிக்க மட்டும் முயற்சி பண்ணாதீங்க, இடுப்பளவு தண்ணி தான்னு தோணும், ஆனா ஓடற தண்ணில கால ஊன்றப்ப அடில ரெண்டு பாறைக்கு நடுவுல பாதம் மாட்டினா பின்னாடி இருந்து தண்ணி உங்கள குப்புறத் தள்ளிடும், ஆறுகள்ல உயிர் போற வழிகள்ல இது ஒண்ணு. ஓட்டம் நின்னு, தண்ணி முட்டிக்குக் கீழ வந்தப்புறம் எந்திரிச்சா போதும்.

உங்கள இழுக்கறதுக்கு கைடு கயிறு திணிச்ச பைய வீசினா, பையப் பிடிக்காதீங்க, கயிறப் பிடிங்க, பைக்குள்ள இன்னும் கயிறு இருக்கும், பிடிச்சா உருவிக்கிட்டே போகும். பிடிச்சப்புறம் கயிறத் தோள் மேல போட்டுக்கிட்டு கயித்துக்கு முதுகக் காட்டி மல்லாக்க இருங்க, அவங்க இழுத்துக்குவாங்க. கைல சுத்திக்காதீங்க.

துடுப்போட நுனில டி மாதிரி ஒரு பிடி இருக்கும், ஒரு கை எப்பவும் அது மேல மூடியே இருக்கணும். ராஃப்ட்ல பல்லு ஒடையறது, மூக்கு வீங்கறது எல்லாம் பாறைல மோதி இல்ல, பக்கத்துல உக்காந்த மச்சானோட துடுப்பு நுனி பட்டு.

கட்டளைங்க கொஞ்சம் தான். ஃபார்வர்ட்னா முன்னாடி, பேக்னா பின்னாடி, ஸ்டாப்னா நிறுத்து. ஹை சைடுன்னு கத்தினா மட்டும் யோசிக்காதீங்க, போட் பாறைல ஒட்டிக்கிட்டு ஒரு பக்கம் தூக்குதுன்னு அர்த்தம், தூக்கற பக்கத்துக்கு எல்லாரும் பாஞ்சு போய் வெயிட்டப் போடணும், பயத்துல எதிர்ப் பக்கம் ஓடினா போட் கவுந்துடும். பேடில் பண்றப்ப எல்லாரும் ஒரே தாளத்துல போடணும், முன்னாடி உக்காந்திருக்கற ரெண்டு பேரப் பாத்து மத்தவங்க போட்டா தானா வந்துடும்.

அப்புறம் யாரும் வாய் விட்டுக் கேக்காத கேள்வி, பாத்ரூம். எறங்கற எடத்துலயும் ஏறற எடத்துலயும் டாய்லெட் இருக்கும், கிளம்பறதுக்கு முன்னாடி கண்டிப்பா போயிடுங்க. நடுவுல வந்தா, ஒண்ணுக்கு ஆத்துலயே தான், கொலராடோ மாதிரி பெரிய பாலைவன ஆத்துல அது தான் முறை, ஏன்னா மழையில்லாத கரை மணல்ல போனா நாத்தம் நாள் கணக்குல போகாது. பொண்ணுங்க கரையோரமா இடுப்பளவு தண்ணில நின்னு பேசிக்கிட்டு இருக்கற மாதிரியே முடிச்சுக்குவாங்க, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ரெண்டுக்குன்னா கைடு கிட்ட சொல்லணும், அவங்க ஒரு டப்பா எடுத்துக்கிட்டு வருவாங்க, எல்லாத்தையும் திரும்ப ஊருக்கே கொண்டு போவாங்க, மண்ணுல பொதைக்கறது கிடையாது. பல நாள் டிரிப்ல இந்த டப்பாவ நல்ல வியூ உள்ள எடமாப் பாத்து வெப்பாங்க, அது ஒரு தனி அனுபவம்.

மிச்ச நாள்ல என்ன பண்றது

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஒரே விதி: விடிகாலைல பார்க், மத்தியானம் ஆறு இல்ல ரூம், சாயங்காலம் திரும்ப பார்க். காலை 11ல இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் நடக்கப் போகாதீங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணின்னு பார்க் ரேஞ்சர்ஸ் சொல்றது சும்மா இல்ல, அந்த வறண்ட காத்துல வேர்வை வர்றதே தெரியாது, வந்த ஒடனே காஞ்சிடும், அதனால தாகம் லேட்டா தான் தெரியும். ஆர்ச்சஸ் உள்ள சாப்பாட்டுக் கடையோ பெட்ரோல் பங்க்கோ கெடையாது. எல்லாம் மோவாப்லயே ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க. தண்ணியோட உப்பு ஏதாச்சும் வேணும், ஊறுகா, வறுத்த கடலை எது வேணா.

நுழைவு விதி அடிக்கடி மாறுது. 2022ல இருந்து சில வருஷம் கூட்ட மாசங்கள்ல ஆர்ச்சஸுக்கு நேரம் போட்டு முன்பதிவு வெச்சிருந்தாங்க, நீங்க போற மாசத்துக்கு என்ன விதி, ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மாவுக்குக் கட்டணம் எப்படின்னு பார்க் வெப்சைட்ல பாத்துட்டே கிளம்புங்க.

டெலிகேட் ஆர்ச், யூட்டா நம்பர் பிளேட்ல இருக்கறது, போயிட்டு வர 3 மைல், ஏத்தம் 480 அடி, நெழலே கெடையாது, வழுக்குப் பாறை மேல நடக்கணும். சாயங்காலம் சூரியன் எறங்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஏறினா பாறை நெருப்பு மாதிரி ஆகறதப் பாக்கலாம், எறங்கறப்ப இருட்டிடும், ஆளுக்கு ஒரு டார்ச் வேணும், ஃபோன் லைட்ட நம்பாதீங்க. முட்டி வலி உள்ள பெத்தவங்களுக்கு கீழ்ப்பக்க வியூ பாயிண்ட் இருக்கு, கார்ல இருந்து நூறு கஜம், தூரமா சின்னதா தெரியும். அவங்களுக்கு அத விட டபுள் ஆர்ச், விண்டோஸ் பகுதி தான் நல்லது, கொஞ்சம் நடந்தா பிரம்மாண்டம் தலைக்கு மேல வந்துடும். லேண்ட்ஸ்கேப் ஆர்ச் 306 அடி அகலம், நடுவுல ஒரு ரிப்பன் கணக்கா மெல்லிசு, 1991ல அதுல இருந்து ஒரு பெரிய துண்டு விழுந்துச்சு, அதனால இப்ப அடில போக விட மாட்டாங்க. பாதை பெரும்பாலும் சமதரை, காலைல போங்க.

கேன்யன்லேண்ட்ஸ்ல மேசா ஆர்ச் சூரிய உதயத்துக்குப் பிரபலம், ஆனா ட்ரைபாட் வெச்சுக்கிட்டு ஒரு கூட்டமே இடிச்சுக்கிட்டு நிக்கும். எனக்கு அந்தக் கூட்டம் ஒத்து வராது, அதே நேரத்துல கொஞ்சம் தள்ளி கிராண்ட் வியூ பாயிண்ட் போயிட்டா அமைதியா பாக்கலாம். டெட் ஹார்ஸ் பாயிண்ட் ஸ்டேட் பார்க் பக்கத்துலயே, தனிக் கட்டணம், 2,000 அடிக்குக் கீழ கொலராடோ வளைஞ்சு திரும்பறது தெரியும். ஆத்துல மிதந்த மறுநாள் இத மேல இருந்து பாக்கறது நல்ல ஏற்பாடு.

சைக்கிள் ஓட்டறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, மோவாப்னா ஸ்லிக்ராக் டிரெயில்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது புது ஆளுக்கு இல்ல, கைகால் ஒடையும். சைக்கிள் வாடகைக் கடைல புதுசுன்னு சொன்னா மோவாப் பிராண்ட்ஸ் டிரெயிலுக்கு அனுப்புவாங்க, அங்க பழகுங்க.

ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் சாயங்கால இடிமழை வரும். தலைக்கு மேல வெயில் அடிச்சாலும் எங்கயோ தூரத்துல பெஞ்ச மழை ஒடுக்கமான ஓடைகள்ல ஒரேடியா வெள்ளமா எறங்கும், அதனால மேகம் கட்டினா ஓடைக்குள்ள நடக்காதீங்க, தண்ணி ஓடற ரோட்ட கார்ல தாண்டாதீங்க. பாதைய விட்டு எறங்காதீங்க, கருப்பா பொறுக்குத் தட்டின மாதிரி மண்ணு தெரியும், அது உயிருள்ள மண்ணு, நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலக் கட்டிப் பிடிச்சு வெச்சிருக்கு, ஒரு மிதி பட்டா திரும்ப வளர வருஷக் கணக்கு ஆகும். ஃபோட்டோவுக்காக நாலடி தள்ளி நிக்கறப்ப தான் எல்லாரும் அத மிதிக்கறாங்க.

ராத்திரி தங்கறதுக்கு டெண்ட் ஆசை இருந்தா ஆர்ச்சஸ் உள்ள டெவில்ஸ் கார்டன் ஒண்ணு தான் கேம்ப்கிரவுண்ட், கூட்ட மாசத்துக்கு மாசக்கணக்குல முன்னாடியே புக் ஆயிடும். அது கெடைக்கலன்னா 128ம் நம்பர் ரோட்டுல ஆத்தோரமா அரசாங்க நிலத்துல கேம்ப் எடங்கள் வரிசையா இருக்கு, பெரும்பாலும் மொதல்ல வர்றவங்களுக்கு மொத எடம், குடிதண்ணி இருக்காது, டாய்லெட் இருக்கும். வார நாள்ல காலைல பத்து பதினொரு மணிக்குப் போனா கெடைக்க வாய்ப்பு அதிகம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்த் தேடினா கார்லயே தூங்க வேண்டியது தான். நெலா இல்லாத வாரமாப் பாத்தீங்கன்னா பால்வீதி வெறுங்கண்ணுக்கே தெரியும்.

கடைசியா காசு. கைடுக்கு டிப்ஸ் குடுக்கறது இங்க வழக்கம், டிரிப் விலைல 15ல இருந்து 20 சதவீதம். கரையேறின ஒடனே, ராஃப்ட்ட வண்டில ஏத்திக்கிட்டு இருக்கறப்பவோ ஆபீஸ் திரும்பினப்புறமோ நேர்ல கைல குடுங்க. காலைலயே ஒரு சின்ன ஜிப் கவர்ல போட்டு கார்ல வெச்சிடுங்க, ஏன்னா உங்க பர்ஸ் ரூம்ல இருக்கும்.